விரலுக்குத் தெரியும்

மனைவி இறந்த மூன்றாம் மாதம், பெரியவர் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த நாற்பது வருடப் பழைய கம்ப்யூட்டர் உயிர்பெற மறுத்தது. மைத்துனன் லேப்டாப்போடு வந்தான்.

"இதுல பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடந்துக்கிற எமுலேட்டர் போட்டிருக்கேன் அத்தான். உங்க பழைய கேம் எல்லாம் அப்படியே ஓடும்."

"அது வெறும் நடிப்புடா. அசல் எதுன்னு தொட்டதும் என் விரலுக்குத் தெரிஞ்சிடும். உங்க அக்காவும் 'ரெண்டும் ஒண்ணுதானே'ன்னு உளறுவா. நாலு பேர் முன்னாடியே ஞானசூன்யம்னு திட்டியிருக்கேன். சரி, இந்தப் பழசைத் திறந்து பாரு."

"வேண்டாமே அத்தான்."

அவரே திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே பழைய சர்க்யூட் போர்டைக் காணோம். தீப்பெட்டி அளவில் ஒரு புது போர்டுதான் இருந்தது.

"என்னடா இது?"

"எமுலேட்டர்தான். அஞ்சு வருஷமா இதுலதான் விளையாடுறீங்க. நெஞ்சுவலின்னு நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ, வாரம் ஒரு தடவை ஆன் பண்ணச் சொன்னீங்களே, அக்கா அப்படிப் பண்ணினப்போ அசல் போர்டு புகைஞ்சுபோச்சு. 'தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார்'னு அக்காதான் மாத்தச் சொன்னா."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

"நான் திட்டும்போதெல்லாம் மனசுக்குள்ள சிரிச்சிருப்பா, இல்ல?"

"இல்ல அத்தான். நீங்க திட்டின அன்னிக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணுவா. 'நல்லவேளை, அவருக்கு இன்னும் சந்தேகமே வரல'ன்னு."