பெயிண்ட்டைச் சுரண்டியவன்

திருப்பூருக்குத் தெற்கே வீரபாண்டி வீரபாண்டி என்று ஓர் ஊராம். அந்த ஊரில் ஒரு பனியன் கம்பெனியாம். அந்தக் கம்பெனியில் தவசி தவசி என்று ஓர் எலெக்ட்ரீஷியனாம். ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தார்களாம்.

சங்கதி இதுதான்.

தையல் ஹாலில் ஒயர்களைச் சுமந்துகொண்டு சுவரோரமாக ஓடுகிற இரும்புக் கேபிள் ட்ரேக்கு, முதலாளி பொன்னுச்சாமி புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். மறுநாள் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருகிறான். ஹால் கல்யாண ஊடு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வந்து பார்த்தால், ட்ரே ஒன்றோடொன்று சேருகிற இடத்திலெல்லாம் யாரோ பெயிண்ட்டைச் சுரண்டி வைத்திருக்கிறார்கள். இரும்பு பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

எல்லார் கண்ணும் தவசி மேல்தான் போனது.

காரணம் இருந்தது. பெயிண்ட் அடிக்க ட்ரேயைக் கழற்றியபோதே அவன் முட்டிப் பார்த்தான். துண்டு துண்டாக இருக்கும் ட்ரேயைச் செம்புப் பட்டை போட்டு ஒன்றாக்கி, எர்த்தோடு சேர்க்க வேண்டும். எங்காவது ஒயர் தோலுரிந்து ட்ரேயில் பட்டால் கரண்ட் மண்ணுக்கு இறங்கும், மெயின் ஸ்விட்ச் தானாக விழுந்து கரண்ட்டை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்கும். பட்டை பிடிக்கிற இடத்தில் பெயிண்ட் இருந்தால் போட்டும் பிரயோசனமில்லை. இரண்டு விரல்கடை இடம் விடுங்கள் என்று கேட்டான்.

"நீலத்துக்கு நடுவுல செம்பு எதுக்கப்பா, தேமல் மாதிரி?" என்றார் முதலாளி.

"ஆமாங்க மொதலாளி, பாக்கவே நல்லாருக்காதுங்க" என்றார் பக்கத்தில் நின்ற மேனேஜர் பிரபாகர்.

அவர் எப்போதும் அப்படித்தான். முதலாளி தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார் என்று ஹாலில் ஒரு பேச்சு உண்டு. ட்ரேயிலிருந்து கழற்றிய பழைய செம்புப் பட்டைகள் மூட்டையாக ஸ்டோருக்குப் போயின.

ட்ரே மறுபடி மேலேறிய பிறகு, மயிலாள் என்கிற டெய்லருக்கு ட்ரேயிலிருந்து மெஷினுக்கு ஒயர் இறங்குகிற இரும்புப் பைப்பில் கை பட்டுச் சுரீரென்று அடித்தது. துணி அழுக்காகக் கூடாதென்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஹால் முழுக்க வெறுங்காலோடு உட்காருகிற பெண்கள். வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்தால் அப்படித்தான் கிறுகிறுக்கும் என்று சிரித்துவிட்டுப் போனார் பிரபாகர். தவசிதான் தோலுரிந்த ஒயரைத் தேடிப் பிடித்து மாற்றினான். அடுத்த ஒயர் எப்போது உரியும் என்று யார் கண்டது? அன்றைக்கு ஹால் நடுவில் நின்று மேனேஜரிடம் சத்தம் போட்டான்.

"உசுரு போனாத்தான் பட்டை போடுவீகளோ?"

வாயைத் திறந்தவன்தானே கையையும் நீட்டியிருப்பான்? அப்படி முடிவு கட்டிவிட்டார்கள்.

உண்மையில் அவன் சுரண்டவில்லை. கை துறுதுறுத்தது நிஜம். ஆனால் சாத்தூர்ப் பக்கமிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன். பிள்ளைகளைப் போன மாதம்தான் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். இந்த வேலை போனால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். அதை நினைத்துத்தான் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் தொடல மொதலாளி" என்றான்.

"அப்பறம் முனியப்பசாமி வந்து சுரண்டிட்டுப் போச்சாக்கும். இவனை இன்னிக்கே அனுப்பீரு பிரபாகரு."

பிரபாகர் விட்டாரா? முதலாளியைவிட ஒரு படி மேலே போய்ப் பிடித்துக்கொண்டார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்றார். மேலே ஏறத் தெரிந்த குரங்குக்குக் கீழே நிற்கிற மனுசன் கண்ணுக்குத் தெரியாது என்றார். அத்தனை பெண்களுக்கு முன்னால் தவசி தலை குனிந்து நின்றான். பேச்சு முடிகிற இடத்தில் பிரபாகர் முதலாளி பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"அனுப்பறது பெருசில்லீங்க மொதலாளி. நாளைக்குப் பையர் வர்றானே, இந்தச் சொறியை என்னங்க பண்றது? இப்ப பெயிண்ட் அடிச்சா வாடை போகாதுங்க, துணியெல்லாம் புடிச்சுக்கும்."

முதலாளி யோசித்தார்.

"அந்தச் செம்புப் பட்டையை இதும்மேல வெச்சு முறுக்கிட்டா மறைஞ்சுக்குமுங்க. சுரண்டுன கையே முறுக்கட்டும். அதுதான் இவனுக்குத் தண்டனை. மத்தியானச் சோறுகூட ஏணி மேலதான்."

அது முதலாளிக்குப் பிடித்துப் போனது. வெளியே அனுப்பினால் பயல் வேறு கம்பெனியில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொள்வான், இங்கேயே கிடந்து முறுக்கட்டும் என்றார்.

"மறைஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வேலை தப்பியது. ஆனால் செய்யாத தப்புக்கு வாங்கின பேச்சு தவசிக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. மேனேஜர் காதில் விழட்டும் என்றே மயிலாள் பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னாள்.

"ஒருத்தனை நாலு பேரு முன்னால வெச்சுக் கிழிக்கறதுல இந்த மனுசனுக்கு என்ன ருசியோ!"

பிரபாகர் காதில் வாங்காதவர்போல ஸ்டோருக்குப் போனார். பட்டை மூட்டையைத் தானே தூக்கி வந்து ஏணிக்கடியில் வைத்தார். பெண்கள் அவரவர் மெஷினை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் தவசிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தவசி, கம்ப்ரசருக்கு மேல இருக்கற ஜாயிண்ட்டு மட்டும் ஏணி வெச்சும் எனக்கு எட்டலப்பா. அதை நீயே சுரண்டிக்க."

சொல்லிவிட்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.