பச்சைக் கதவு

"ஒரு கண்ணு போச்சுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவிதான் சொன்னாள். மடியில் கம்பளி நூல், கையில் ஸ்வெட்டர் ஊசி. மேஸ்திரி தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"போனாப் போகுது விடு. கொக்கி ஊசியால எடுத்து மாட்டிக்கலாம். இதுக்கா குரல் இப்படி உள்ள போகுது?" என்று சிரித்தார்.

மேஸ்திரிக்கு வலைப் பட்டறையில் வேலை. பந்து விளையாட்டுக்கும் லாரிகளுக்கும் வலை பின்னும் இடம். அங்கே ஒவ்வொரு வளையத்துக்கும் கண் என்று பெயர். ஒன்று அறுந்தாலும் நழுவினாலும் 'கண்ணு போச்சு' என்பார்கள். அந்தப் பட்டறைப் பேச்சு வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஊசியில் ஒரு வளையம் நழுவினால் மனைவியும் அப்படித்தான் சொல்வாள். சொல்வதற்குச் சந்தர்ப்பமும் நிறையவே கிடைத்தது. ஒரு மஃப்ளரையே கோணல்மாணலாக முடித்தவள் அவள்.

அப்படிப்பட்டவள்தான் அன்று காலை தனியாகக் கடைத்தெருவுக்குப் போய், பை பிதுங்கக் கம்பளி நூலோடு திரும்பியிருந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து, கட்டிலையே மூடுகிற மாதிரி ஒரு போர்வை பின்னப் போகிறாளாம். அதில் அவர்கள் வீடு இருக்குமாம். சிவப்பு ஓட்டுக் கூரை, மஞ்சள் சுவர், கல்யாணமான புதிதில் மேஸ்திரியே தன் கையால் வண்ணம் அடித்த பச்சைக் கதவு.

"இவ்வளவு பெரிசு உன்னால ஆகுமா? பாதியை இப்பப் பின்னு. மீதியை அடுத்த குளிருக்குப் பாத்துக்கலாம்."

"இல்லீங்க. இந்தக் குளிருக்குள்ளயே முடிக்கணும். முடிச்சு, விரிச்சுப் போட்டு, முழுசா ஒரு தடவை பாத்துடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வாழ்நாளில் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காதவள் கேட்கிறாள். மேஸ்திரி போகட்டும் என்று விட்டுவிட்டார். காது கொடுத்துக் கேட்டுவிட்டு விடுவதற்கும் காதில் வாங்காமலே விடுவதற்கும் அவரிடம் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

குளிர் ஏறியது. அவள் பேய் பிடித்தவள் போலப் பின்னினாள். வெளிச்சம் இருக்கும்வரை ஜன்னலோரம், மங்கினால் விளக்கடியில். தேநீர் ஊற்றினால் கோப்பை நிரம்பி வழிந்தது. நிலைப்படியில் இடித்துக்கொண்டு நெற்றியில் ஒரு புடைப்பு. எல்லாம் அந்தப் பின்னல் நினைப்புதான் என்று மேஸ்திரி அலுத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரிக்குக் கம்பளிப் பைத்தியம் முத்திப்போச்சு" என்று பட்டறையிலும் சொல்லிச் சிரித்தார்.

போகப்போக நூலைக்கூட அவரிடமே கேட்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பச்சையை எடுத்துக் குடுங்களேன்."

"கூடை உன் காலடியிலதானே இருக்கு? மகாராணிக்கு எடுபிடி ஆள் வேணுமாக்கும்" என்று முனகியபடியே, கண்ணைத் தொலைக்காட்சியிலேயே வைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட உருண்டையை எடுத்து நீட்டுவார். அவள் அதை வாங்கி அப்படியே பின்னுவாள்.

பிறகு அவள் ஊசியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். விரல் நுனிதான் ஒவ்வொரு கண்ணாகத் தடவி நகர்ந்தது. முகம் மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. மேஸ்திரிக்கு உண்மையிலேயே பெருமை.

"எங்க பட்டறையில பழம் தின்னு கொட்டை போட்டவனே பாக்காமப் பின்ன மாட்டான். நீ நல்லாத் தேறிட்டே."

"தேறித்தானே ஆகணும்" என்றாள். அதற்கப்புறம் வெகுநேரம் ஊசி நகரவில்லை.

போர்வை முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் மறுபடியும் அதே குரல்.

"இன்னொரு கண்ணும் போகுதுங்க."

இந்த முறை மேஸ்திரி திரும்பி, அவளை நேராகப் பார்த்தே சிரித்தார். "முடியற நேரத்துலயா? போகட்டும். அதையும் மாட்டிக்கலாம்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

அடுத்த வாரம், விடுமுறை நாள் காலை. குளிர் விட்டு வெயில் அறைக்குள் வந்திருந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கடைசி நூலைக் கத்தரித்து முடிச்சுப் போட்டாள்.

"முடிஞ்சுதுங்க. விரிச்சுப் போடுங்க."

மேஸ்திரி விரித்தார். கூரை, சுவர், ஜன்னல், வாசற்படி என்று அவர்கள் வீடு கட்டில் நிறையக் கிடந்தது. இவ்வளவு நாளும் கேலி செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. நன்றாகப் பார்ப்பதற்காகச் சத்தமில்லாமல் நடந்து கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தார்.

"அசல் நம்ம வீடு. ஜாடை கொஞ்சமும் தப்பலை" என்றவர், குரல் தழுதழுத்ததை மறைக்க வழக்கமான கேலிக்குத் தாவினார். "ஆனா கதவு மட்டும் சிவப்பா இருக்கு. நம்ம கதவு பச்சையாச்சே. கண்ணு தெரியலையா உனக்கு?"

அவள் கை போர்வையின் மேல் ஊர்ந்தது. கூரையைத் தொட்டு, சுவரைத் தொட்டு, கதவு எது என்று தேடியது.

"சிவப்பாவா இருக்கு? நான் பச்சைதானே கேட்டேன். நீங்க எடுத்துக் குடுத்ததைத்தான் பின்னினேன்."

மேஸ்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் சற்று முன்பு நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்தே அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரைப் பாத்துட்டு, நூலும் வாங்கிட்டு வந்த அன்னைக்கே சொன்னேனேங்க, ஒரு கண்ணு போச்சுன்னு. போன வாரம் இன்னொண்ணும் போகுதுன்னேன், மாட்டிக்கலாம்னு சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரிஞ்சுது."