ராஜாவின் இரும்புச் சட்டை

"நெஞ்சுல கை வைக்காதடா!"

பெரியவர் பூமாலை அதட்டிய சத்தத்தில் வேல்முருகன் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வாசலில் கட்டில்மேல் மல்லாந்து கிடந்த அந்த நெஞ்சு இரும்புத் தகட்டால் ஆனது. விக்கிரமங்கலம் ஆடி நாடகத்தில் ராஜா வேஷக்காரர் போடும் இரும்புச் சட்டை.

"தேய்ச்ச இரும்புல வெறுங்கை படக் கூடாது. தொட்ட இடம் விடிஞ்சா துருவா நிக்கும். துணி போட்டுத்தான் புடிக்கணும், தெரியுதா?"

"சரிங்க மாமா."

மற்ற ஊர்களில் அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டி ராஜாவை ஒப்பேற்றிவிடுவார்கள். இந்த ஊர் ராஜாவுக்கு மட்டும் அரியலூர்ப் பட்டறையில் அடித்த ஒன்பது கிலோ அசல் இரும்பு. பதினெட்டு வருஷம் அதைச் சுமந்தவர் பூமாலை.

போன வருஷம் இரண்டாம் காட்சியில் அவருக்கு மூச்சு வாங்கி, வசனம் பாதியில் நின்றது. இந்த வருஷம் வேஷம் வேல்முருகனுக்குப் போய்விட்டது. செந்துறையில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற பயல். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி, அவன் போடப்போகிற சட்டைக்குத் துரு எடுக்கிற வேலையை மட்டும் பூமாலையிடம் கொடுத்திருந்தார்கள். இரும்பில் துரு எடுக்கும் பக்குவம் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

மூன்று நாளாகப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டார். தையல் மெஷின் எண்ணெய் பூசுவதுதான் பாக்கி. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது சட்டை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

வேல்முருகன் வேஷப்பெட்டியிலிருந்த ராஜா மோதிரத்தை எடுத்து மோதிர விரலில் போட்டுப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. அதுகூடப் பூமாலைக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் திருமானூரில் கரும்பு மிஷினுக்கு வலது கை மோதிர விரலைக் காவு கொடுத்தவர் அவர். பதினெட்டு வருஷமும் அந்த மோதிரத்தை நடுவிரலில் மாட்டிக்கொண்டுதான் ராஜ்ஜியம் ஆண்டார்.

"மாமா, நாளைக்கு வந்து ஒரு தடவ கை வச்சுக் குடுத்துடுங்க மாமா. அம்மா தெனமும் கேக்குது" என்றான் வேல்முருகன்.

அது அந்த ஊர் நாடகக்காரர்களின் வழக்கம். ராஜா வேஷம் கைமாறும்போது, பழைய ராஜா புது ராஜாவின் இரும்புச் சட்டைமேல் வலது கையை வைத்து, 'நல்லா இரு' என்று சொல்ல வேண்டும். அது கிடைக்காமல் மேடை ஏறினால் நாக்கு எழும்பாது என்று எல்லோருக்கும் பயம்.

"தோள்பட்டை வலிடா. கையத் தூக்கவே முடியல" என்றார் பூமாலை.

மூன்று நாளாக அதே கையால்தான் இரும்பைத் தேய்த்தார். வேல்முருகன் அதைச் சொல்லிக்காட்டாமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

"பாவம் அந்தப் புள்ள, மூணு தடவ வந்துட்டான். கை வச்சா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் உள்ளேயிருந்து மனைவி கலியம்மாள்.

"என் வேஷம் வேணும், என் மோதிரம் வேணும், இப்ப என் கையும் வேணுமாக்கும்!"

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். ஒரு பிடி கல்லுப்பை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கசக்கினார். ஈரம் சொட்டச் சொட்ட வந்து, வலது உள்ளங்கையைச் சட்டையின் நடு நெஞ்சில் வைத்து ஓங்கி அழுத்தினார்.

"போட்டுக்கடா, ராஜா!"

மற்ற இடமெல்லாம் எண்ணெய் பூசி, நடு நெஞ்சை மட்டும் விட்டுவிட்டு, சாக்கைப் போட்டு மூடினார். பத்துப் பேர் தொடுகிற சாமான், எவன் கை பட்டது என்று எவன் கண்டான்? அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் காலையில் வேல்முருகன் வந்து இரும்புச் சட்டையைச் சாக்கோடு தூக்கிப் போனான். சாயங்காலம் பூமாலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜாவுக்குத் துருப்பிடித்துவிட்டது என்று இந்நேரம் சிரிப்பாய்ச் சிரித்திருப்பார்கள் என்ற நினைப்பில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

வேல்முருகன் இரும்புச் சட்டையோடு நின்றான். அதன் நடு நெஞ்சில் செக்கச்செவேல் என்று ஒரு கை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், சுண்டு விரல். மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

பூமாலை வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஊரில் நாலு விரல் கை ஒன்றுதான்.

"க... கழட்டுடா. உப்புத்தாள் இருக்கு, ஒரு நிமிஷத்துல அழிச்சுடறேன்."

"வேணாம் மாமா!" வேல்முருகன் இரண்டடி பின்னால் போனான். அவர் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு துணியால் அந்தத் தடத்தைப் பொத்திக்கொண்டான். "இது அழியக் கூடாதுன்னு காலையிலயே மேல எண்ணெய் பூசிட்டேன். ஊரே பாக்கட்டும்."

"வேலு... அது வந்து..."

புது ராஜா தடாலென்று அவர் காலில் விழுந்தான். எழுந்தபோது கண் மை கன்னமெல்லாம் கரைந்திருந்தது.

"தோள்பட்டை வலியோட என் நெஞ்சுல கை வச்சுக் குடுத்துட்டீங்களே மாமா, அது போதும்!"