ஆரம்ப நிலைக்குத் திரும்பு

பழைய டிவித் திரைகளை ஆராயும் பழந்திரைத் துல்லிய ஆய்வு வட்டத்தின் முதல் நேரடி அமர்வுக்கு, நிறுவனத் தலைவர் தணிகாசலம் தன் வீட்டுக் கூடத்தில் இருபது நாற்காலிகள் போட்டிருந்தார். வருவதாக இணையத்தில் கட்டைவிரல் காட்டியவர்கள் பத்தொன்பது பேர். வந்தது, ஏணி இரவல் கேட்டு வந்த மேல்வீட்டு அன்வர்தீன் மட்டும்தான்.

"ஏணி எங்க போயிடப் போவுது, உக்காருங்க பாய்" என்று அவரை முன்வரிசையில் அமர்த்திவிட்டு, தணிகாசலம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு பழைய டப்பா டிவியில் ஒரு கார் பந்தய வீடியோ கேமைப் போட்டு, அதன் பட அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினார். வெளிச்சத்தை ஒரு புள்ளி குறைத்தார். படத்தை ஒரு நூல் வலப்பக்கம் நகர்த்தினார்.

"வித்தியாசம் தெரியுதா?"

"தெரியாம என்ன சார்" என்றார் அன்வர்தீன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "காரை எப்ப ஓட்டுவீங்க?"

"ஓட்டுறதெல்லாம் சின்னப் பசங்க வேலை பாய்."

மொத்தமே ஐந்து அமைப்புகள்தான். ஐந்தாவது முடிந்ததும் அன்வர்தீன் எழுந்து வாசல்வரை போனார். "நல்லா இருந்துச்சு சார். அவ்ளோதானே? ஏணியை எடுத்துக்கவா?"

தணிகாசலம் நாற்காலிகளைப் பார்த்தார். திரையின் அடியில் 'ஆரம்ப நிலைக்குத் திரும்பு' என்று ஒரு வரி மிச்சமிருந்தது. அதை அழுத்தினார்.

"எல்லாம் அழிஞ்சு போச்சு பாய்" என்றார், மைக்கிலேயே. "மொதல்லேருந்து வைக்கணும். சரியா வருதான்னு பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

அன்வர்தீன் செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்தார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார்.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க சார்."