ஐந்தாம் கொமாஹேய்

"அதை இப்படிக் குடுங்கண்ணே!"

ரியோஜி பாய்ந்து போய், கென்சுகேயின் கையிலிருந்த சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினான். பாதிக் கிழங்கு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மீதியை ஜன்னல் வழியாக வீசி எறிந்தான்.

"அடப்பாவி! இந்த டிசம்பர் குளிர்ல சூடா ஒரு வாய் தின்னா அது ஒரு குத்தமா?"

"மேடையேறுற நாள்ல தின்னலாமா? எங்கப்பா உங்களோட எப்படித்தான் இத்தனை வருஷம் ஜோடி போட்டாரோ!"

"அவரு பொறுமைசாலி தம்பி. உன்னை மாதிரி எடுத்ததுக்கெல்லாம் குதிக்க மாட்டாரு."

வேறொரு நாளாக இருந்தால் ரியோஜியும் சிரித்திருப்பான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கியோட்டோவின் அந்தப் பெரிய கபுகி நாடக அரங்கில், இன்னும் சற்று நேரத்தில் அவன் ஐந்தாம் கொமாஹேய் ஆகப்போகிறான். கொள்ளுத்தாத்தாவின் அப்பா தொடங்கி அவன் அப்பா வரை, நாலு பேர் சுமந்த மேடைப் பெயர்.

ஆகப்போகிறான் என்பதுகூட உறுதியில்லை. அப்பா, அதாவது நாலாம் கொமாஹேய், ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"நான் குடுத்தா மட்டும் பேரு உன்னோடது ஆயிடாது. மேல்மாடிக் கடைசி வரிசைக் கிழவனுங்க உன் பேரைச் சொல்லிக் கூவணும். கூவலேன்னா பேரு என்னோட போகட்டும். உனக்குக் கிடையாது."

அந்தக் கிழவர்கள் லேசுப்பட்டவர்களா? கபுகியைப் பார்த்துப் பார்த்தே நரைத்த தலைகள். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், பிடிக்காத நடிகனுக்கு அவர்களிடமிருந்து ஒரு கூவல் வாங்க முடியாது.

கதவு படாரென்று திறந்தது. அப்பா ஓர் ஆளைச் சட்டைக் காலரோடு இழுத்துக்கொண்டு வந்தார். பார்த்தால், ரியோஜியின் தாய்மாமன்! மீன் மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவர். அவர் வாயைத் திறந்தால் துறைமுகத்தில் கப்பல் திரும்பிப் பார்க்கும்.

"உங்க மாமன் பண்ணின காரியத்தைப் பாத்தியா? கடைசி வரிசையில டிக்கெட் வாங்கி, கிழவனுங்க நடுவுல பதுங்கி உக்காந்திருக்கான்!"

"மருமகனுக்காக ஒரு சத்தம் போட்டா என்ன மச்சான், குறைஞ்சா போயிடுவீங்க?"

"இதென்ன மீன் ஏலமா? வீட்டு ஆளு கத்தினா செல்லாது. வந்து என் பக்கத்துல நில்லு. வாயைத் திறந்தே, தொலைச்சுப்புடுவேன்!"

இருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று. ரியோஜி பரிதாபமாகக் கண்ணாடியைப் பார்த்தான்.

"கண்ணாடியில என்னடா பார்வை? நம்ம வம்சத்துல மூஞ்சியைக் காட்டிப் பேர் வாங்கினவன் ஒருத்தன் கிடையாது. எல்லாம் இடுப்புடா, இடுப்பு!"

"தளபதி வேஷத்துல வர்றவரு நாடே கொண்டாடுற நடிகரு," என்று கென்சுகேயும் தன் பங்குக்குக் கிளப்பினார். "நாம சொதப்பினோம்னா அவரு விழுந்தாரு. அதை மட்டும் மனசுல வெச்சுக்கோ தம்பி."

"ஐயோ, நீங்க வேற பயமுறுத்தாதீங்கண்ணே!"

நாடகம் தொடங்கும் அடையாளமாக மரக்கட்டைகள் டக்டக்கென்று மோதின. திரை விலகியது. பார்வையாளர்களுக்கு நடுவே நீளும் நடைமேடையில் தளபதி வந்தார். அரங்கம் அதிர்ந்தது. மேல்மாடியிலிருந்து அவர் பெயருக்குக் கூவல் மேல் கூவல். ரியோஜிக்கு? ம்ஹூம், ஒரு இருமல்கூட இல்லை.

பாதி வழியில் தளபதி நின்று, மேடையில் தீட்டியிருந்த கடலைப் பார்த்தார். இந்த இடம்தான்! முதலாம் கொமாஹேய் கண்டுபிடித்து, வம்சமே கட்டிக்காத்த அசைவு இங்கேதான் வரும். தயங்கினாற்போல ஓரடி பின்னால், வலது பாதத்தால் தரையில் ஒரு தேய்ப்பு, அப்புறம் இடுப்பில் ஒரு மெல்லிய சிலிர்ப்பு.

ரியோஜி பின்வாங்கினான். தேய்த்தான். உயிரையெல்லாம் இடுப்பில் வைத்துச் சிலிர்த்தான்.

மேடையோரம் மாமாவின் வாய் தானாகத் திறந்தது. அப்பா அதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினார்.

அப்போது மேல்மாடிக் கடைசி வரிசையிலிருந்து, கரகரத்த குரல் ஒன்று கணீரென்று எழுந்தது.

"ஐந்தாம் கொமாஹேய்!"

தொடர்ந்து இன்னொரு கிழவர்: "அப்பனையே மிஞ்சிட்டே!"

அவ்வளவுதான், கூட்டம் கைதட்டித் தீர்த்தது. மிஞ்சப்பட்ட அப்பா, அதைக் கேட்டுக் கோபப்பட வேண்டியவர், மாமாவைக் கட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றினார். மாமா இப்போது வாய்விட்டுக் கத்தினார், யாரும் தடுக்கவில்லை.

ரியோஜிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தாமவன்! நிஜமாகவே ஐந்தாமவன்! அத்தனை பேருக்கு நடுவில், எதிரே இருந்த கென்சுகேயின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

கென்சுகே திரும்பாமலே பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார்.

"அழுதது போதும்டா பின்காலு, குதிரை கெளம்பணும்... வாலை ஆட்டு!"