'வேண்டாம்' பட்டன்

"'நீக்கவா?'னு கேக்கற பெட்டியில, என்டர் தட்டினா 'ஆம்'னு போகணும். மாத்து!" மேனேஜர் கத்தினார்.

கணினித் திரையில் எழும் கேள்விப் பெட்டிகளை வடிவமைக்கப் பழகிக்கொண்டிருந்த புதியவள் மசியவில்லை. "ஆத்திரத்துல யாராவது தட்டிட்டா? 'வேண்டாம்'னுதான் போகும் சார். வேலையே போனாலும் மாத்த மாட்டேன்."

"அவ்வளவு திமிரா? இப்பவே உன் பேரைத் தூக்கறேன் பாரு!"

ஊழியர் பட்டியலைத் திறந்தவர், 'நீக்கு' அழுத்தி, குறுக்கே வந்த பெட்டியைப் படிக்காமலே படீரென்று என்டரைத் தட்டினார். "ஒழிஞ்சது சனியன்!"

அவள் எட்டிப் பார்த்தாள். "யார் பேரும் ஒழியல சார். நான் செஞ்ச பெட்டியை நேத்தே இதுல சேர்த்தாச்சு."

"அப்போ இன்னொரு தடவை..."

"தாராளமா. ஆனா என் பேரைத் தேர்ந்தெடுக்க மறந்துட்டீங்க. நீலமா தெரியறது, முதல் வரியில இருக்கற உங்க பேரு."

மேனேஜரின் கை மவுஸை விட்டுத் தானாக விலகியது.

"சொல்லுங்க சார், 'ஆம்'னு மாத்திடவா?"