ஆஸ்பத்திரி வாசலில் அரைக் கரண்டி

"இன்னும் கொஞ்சம் முன்னாடி போ. அந்தக் கதவு தெரியற மாதிரி நிறுத்து."

"இதுக்கு மேல போனா கார் நேரா அவசர சிகிச்சை வார்டுக்குள்ளதான் போய் நிக்கும், ஹெட்விக்" என்றான் டோர்கெல்.

பின்சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஹெட்விக் சிரிக்கவில்லை. கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். சனிக்கிழமை காலை. நிறுத்துமிடத்தின் ஓரங்களில் பனியைத் தள்ளிக் குவித்திருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்த ஒரு சிவப்புக் கார் மட்டும் நின்றது.

"என்ன, பேங்க்ல கொள்ளையடிக்க வந்தவ மாதிரி முழிக்கற?"

"தெரிஞ்சவங்க யாராவது பாத்தா மானம் போயிடும். இன்ஜினை அணைச்சுட்டு நீயும் பின்னாடி வா. இவளை மடியில வச்சுக்கோ."

டோர்கெல் பின்சீட்டுக்கு வந்தான். ஆறு மாதக் குழந்தை சிக்னே, நடக்கப்போவது தன்னைப் பற்றியதல்ல என்பதுபோல் கொட்டாவி விட்டாள். அந்த ஊர் வழக்கப்படி இந்த நேரத்தில் பால்கனியில் குழந்தைத் தள்ளுவண்டிக்குள் குளிர்காற்றில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஹெட்விக் சின்னக் கிண்ணத்தைத் திறந்தாள். ஓட்ஸ் கஞ்சி. அதில் அரைக் கரண்டி பீனட் பட்டர், கட்டி இல்லாமல் கரைத்தது. முட்டையும் மீனும் வீட்டிலேயே ஊட்டியாகிவிட்டது. அதற்கே பயத்தில் ஹெட்விக் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேர்க்கடலை இன்றுதான் முதல் முறை.

"இவளுக்கு முழங்கை மடிப்புல கரப்பான் இருக்கு, டோர்கெல். அலர்ஜி வர வாய்ப்பு ஜாஸ்தி."

"அதை டாக்டர் பாத்துட்டுத்தானே தாராளமா குடுக்கலாம்னு சொன்னாரு? தள்ளிப்போடாம இப்பவே குடுத்தாத்தான் பின்னாடி ஒத்துக்காமப் போறது கொறையும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் இந்தக் கூத்து?"

"தெரிஞ்சதாலதான்." அவள் கஞ்சியை இன்னொரு முறை கலக்கினாள். "ஒரு குழந்தைக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கிட்டதை நான் கண்ணால பாத்திருக்கேன். நீ பாக்கல."

டோர்கெலுக்குள்ளும் பயம் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பயந்தால் வீடு என்னாவது என்றுதான் இத்தனை நாள் கிண்டல் பேசிச் சமாளித்துவந்தான்.

"ஜாக்கெட்டைக் கழட்டு அவளுக்கு. சட்டையையும் தூக்கு. தோல் தெரியணும்."

"குளிருதுடி அவளுக்கு."

"ரெண்டு நிமிஷம். இப்ப எப்படி இருக்குன்னு பாத்து வச்சுக்கணும். அப்பத்தான் அப்புறம் வித்தியாசம் தெரியும்."

வயிறு, முதுகு, கழுத்து, காதுமடல் எல்லாம் பார்த்து முடித்தாள். பிறகு கரண்டி நுனியில் கடுகளவு எடுத்தாள். அதில் பாதி குழந்தையின் தாடையில் பட்டது. மீதி நாக்கில்.

சிக்னே சப்புக்கொட்டினாள்.

"பாரு, பிடிச்சிருக்கு" என்றான் டோர்கெல்.

"பேசாதே. மூச்சு எப்படி வருதுன்னு கேக்கணும்."

பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஹெட்விக் குழந்தையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குழந்தை ஒருமுறை தும்மியபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு வாய் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. கிண்ணம் காலியானது. சிக்னே அப்பாவின் நெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடப் பார்த்தாள்.

"தூங்க விடாதே. எழுப்பு."

டோர்கெல் குழந்தையை நிமிர்த்தினான். இடது கன்னத்தில் சிவப்பாக, நீளமாக ஒரு தடிப்பு.

"ஐயோ!"

ஹெட்விக் குழந்தையைப் பிடுங்கி, போர்வையை மேலே சுற்றி, கார்க் கதவை உதைத்துத் திறந்து வெளியே பாய்ந்தாள். கிண்ணம் உருண்டு பனியில் விழுந்தது. அந்தக் கதவு இருபதடி தூரம்தான். அவளுக்கு இருபது மைல்போல் இருந்தது.

"ஹெட்விக், நில்லு! நில்லு சொல்றேன்!" டோர்கெல் பின்னாலேயே ஓடிவந்தான். தன் ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான். "ஜிப்பு! இது மேலதான் கன்னத்தை வச்சுப் படுத்திருந்தா. அதோட தடம். நல்லாப் பாரு!"

சிவப்புக் காருக்குப் பக்கத்திலேயே அவள் நின்றுவிட்டாள். பார்த்தாள். பல்பல்லாக ஜிப்பின் அச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கியது. உதட்டில் வீக்கம் இல்லை. மூச்சு சீராக வந்தது. சிக்னே அம்மாவின் மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

ஹெட்விக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அந்தச் சிவப்புக் காரின் பின்கதவு திறந்தது. இளம்பெண் ஒருத்தி இறங்கினாள். இடுப்பில் ஒரு குழந்தை. அதன் வாயைச் சுற்றிலும் பழுப்பு நிறக் கஞ்சி. அவள் முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சத்தியமா வீட்டுலதான் குடுக்க நெனச்சேன். மனசு கேக்கல" என்றாள் திணறியபடி. "போன வியாழக்கிழமை உங்க க்ளினிக்ல நடந்த அம்மாக்கள் கூட்டத்துல, 'பயப்படாம வீட்டுலயே குடுங்க, ஆஸ்பத்திரி வாசல்ல காரை நிறுத்திக்கிட்டு ஊட்டறதெல்லாம் பைத்தியக்காரத்தனம்'னு நீங்க அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. அதுக்காக லீவு நாள்ல, கைக்குழந்தையையும் தூக்கிக்கிட்டு என்னைப் பிடிக்க ஓடி வரணுமா, ஹெட்விக் சிஸ்டர்?"